முதல் முறை

உண்டு அல்லது இல்லை:
போனுக்குள் ஒரே ஒரு குறிப்பு.
இல்லையென்றால் ஆப் "வருக" என்று விரியும்,
அந்தக் கணமே "உண்டு" என்று எழுதிக்கொள்ளும்.
அப்புறம் கேட்கவே கேட்காது.

நேத்ராவதி ஒரு பிழை பிடித்தாள்:
"வருக" விரிகையில் அழைப்பு வந்தால்
பேசிவிட்டுத் திரும்புகிறவர்
பழைய ஆளாகிவிடுகிறார்.

பெல்லந்தூரில் நான் பெட்டி இறக்கிய இரவு
கீழ்வீட்டு நாகரத்னம்மா கதவைத் திறந்து
"ஊட்டா ஆய்த்தா?" என்றார்.
வாயெடுக்குமுன் வண்டிக்காரரின் போன்.
காதில் அதோடு படியேறிவிட்டேன்.
நாலு வருஷமாய் வெறும் தலையசைப்பு.

எழுதும் வரியை வெட்டி
"வருக" மூடும் இடத்துக்குக் கீழே ஒட்டினேன்.
நேத்ராவதி அழித்தாள், நிறுவினாள்,
நடுவில் அழைத்தாள், மறுபடி அழித்தாள்.
நாற்பதாவது தடவை, "சரி" என்றாள்.

வீடு வர மணி பதினொன்று.
கீழே விளக்கு எரிகிறது.
இன்னும் ஆகலை, நாகரத்னம்மா.