விகுதி

காலை ஒன்பதரை. புதுக்கடை, நாலாம் மன்று.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று யாருக்கும் வரவில்லை.
சிங்களத்தைக் கேட்டுத் தமிழில் இறக்குவது என் வேலை,
பதினொரு வருடம்.
மூட்டை இறக்குவது போலத்தான்.

முதல் வழக்கு ஒரு கம்பனி.
"எனது கட்சிக்காரர் மிகவும் மனம் நொந்துள்ளார்"
என்று இறக்கினேன்.
நொந்துள்ளார். அந்த 'ஆர்' என் வாயில்தான் பிறந்தது.
கோட்டையில் பதின்மூன்று மாடி, ஒரு முத்திரை, ஒரு கடிதத்தலை.
நோவதற்கு எங்கும் இடமில்லை.

பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது.
அழுதது. வேறெப்படிச் சொல்வது?
"அதை வெளியே கொண்டு போங்க" என்றார் பொலிஸ்காரர்,
பிழையில்லாத தமிழில்.

இடைவேளை. கன்டீனில் ரோல்ஸைப் பிய்த்தபடி
சட்டத்தரணி ஹம்சவேணி சொன்னாள்:
"வேணாம் எண்டு விட்டுக்குடுக்கத் தெரிஞ்சவைக்குத்தான் உரித்து.
விடத் தெரியாதவை வைச்சிருக்கினம் எண்டு சொல்லேலாது."
"அப்ப அந்தப் பிள்ளை?"
"அதுக்காகத் தாய் வைச்சிருப்பா."
"தாய் இல்லாட்டி?"
அவள் பதில் சொல்லவில்லை.
பால்தேநீரில் படிந்த ஆடையை
விரலால் உரித்தெடுத்துத் தட்டின் ஓரம் போட்டாள்.
உரித்து.
தோலுக்கும் அதே சொல்தான்.

பிற்பகல்.
பி-3 என இலக்கமிட்ட வழக்குப் பொருள்
வாசலில் ஜீப்பின் பம்பரில் கட்டுண்டு
யாருடையதோ அழைப்பாணையை மென்றுகொண்டிருந்தது.
அனுமதிப்பத்திரம் இல்லாமல் லொறியில் ஏற்றிய பசு.
நீதவான் கேட்டார்: ஹரக்கா தாம இன்னவாத?

இன்னவா.
ஆளுக்கும் மாட்டுக்கும் எறும்புக்கும் சிங்களத்தில் அது ஒன்றே.
மேசைக்கு, முத்திரைக்கு, பிணத்துக்கு, கம்பனிக்கு
தியெனவா.
அங்கே வேலி மூச்சின் ஓரமாகப் போகிறது.
இங்கே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறோம்,
மாடும் மேசையும் ஒரே பக்கமாக.
நாளுக்கு நாற்பது தடவை அந்த வேலியைத் தாண்டுகிறேன்,
ஒவ்வொரு தடவையும் மாட்டை அந்தப் பக்கம் விட்டுவிட்டு.

நீதவான் அடுத்துக் கேட்டதை
கூண்டில் நின்ற சாரதி யோகசீலனிடம் இறக்கினேன்:
"வழியில அவவுக்குத் தண்ணி வைச்சனீரோ?"

அவவுக்கு.
நாக்குத்தான் தவறியது, நான் அல்ல
என்று சொல்லிப் பார்த்தேன்.
அந்த நேரம் மன்றில் தமிழ் கேட்கும் காது அவனுடையது மட்டும்.
நிமிர்ந்தான். வழக்கு எடுத்ததிலிருந்து முதல் தடவை.
"நிட்டம்புவையில வைச்சனான், சேர்.
அவ குடிக்கேல்ல."

சிங்களத்தில் சொன்னேன்: பிவ்வே நே.
அந்த வினைக்கு ஆணில்லை, பெண்ணில்லை, திணையில்லை.
தட்டச்சாளர் அப்படியே அடித்தார்.
யார் என்பது பதிவேட்டில் இல்லை,
குடிக்கவில்லை என்பது இருக்கிறது.

அடுத்த தவணை பதினேழாந் திகதி.
அதுவரை தண்ணீர் வைப்பது யார் என்று
கட்டளையில் ஒரு வரியும் இல்லை.
கேட்கலாமா என்று எழுந்தேன்.
மொழிபெயர்ப்பவருக்குக்
கேட்கும் உரித்து இல்லை.