ஏறும் நேரம், புறப்படும் நேரம்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது தாள்.
பார்சிலோனா: வருகை ஏழு, புறப்பாடு ஆறு.
மார்செய்: வருகை எட்டு, புறப்பாடு ஐந்து.
அடுத்த வரியில் ஊர் இல்லை,
'கடலில்' என்று மட்டும்.

சிலிண்டர் போட வந்தவர் படித்துவிட்டு
"கப்பல்ல டூர் போறீங்களாக்கா?" என்றார்.
இல்லை தம்பி,
இது என் வீட்டுக்காரர் பேசும் நேரம்.

கப்பல் கரையைத் தொட்டால்தான்
தவராஜுக்குக் காசில்லாத சிக்னல்.
நடுக்கடலில் அரை மணி இணையத்துக்கு
ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கலாம்.
அங்கே நாலரை என்றால் கோத்தகிரியில் எட்டு.
எட்டு மணிக்கு இங்கே மேகம் இறங்கிவிட்டால்
டவர் போய்விடும்.
டார்ச்சும் குடையுமாக
ஜக்கனாரை வளைவுவரை நடப்பேன்,
காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து.

அவருக்குப் படிக்கட்டின் வாயில் வேலை.
இறங்குகிறவர் அட்டையைக் காட்டினால் ஒரு 'டிங்',
ஏறுகிறவர் காட்டினால் ஒரு 'டிங்'.
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது போனால்
அத்தனையும் திரும்பி ஒலிக்க வேண்டும்.

"ஏறுற நேரம் வேற, புறப்படுற நேரம் வேற.
அஞ்சுக்குப் புறப்பாடுன்னா நாலரைக்குள்ள உள்ள இருக்கணும்."
அப்போ நடுவில் இருக்கும் அரை மணி யாருக்கு?
"அது கயிறுகளுக்கு" என்றார்.

ஒரு ராத்திரி சொன்னார்.
இரண்டு 'டிங்' குறைந்ததாம்.
அறையைத் திறந்து, பெட்டகத்திலிருந்து
அவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து
கரையில் ஏஜெண்டிடம் கொடுத்தாயிற்று.
கயிறும் அவிழ்த்தாயிற்று.
ஓர் ஆள் உயரம் தண்ணீர் விழுந்த பிறகு
ஓடி வந்தார்களாம், எழுபது வயசுப் புருஷன் பெண்டாட்டி.
அந்தம்மா கையில் ஒற்றைச் செருப்பு.
மேல்தளத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்,
படம் பிடித்தார்கள்.
"அவங்க கை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்.
டாட்டா காட்டினேனா, மன்னிப்புக் கேட்டேனா,
எனக்கே தெரியல."
நான் பேசவில்லை.
லைன் போய்விட்டதென்று நினைத்து
ஹலோ ஹலோ என்றார்.

லீவு முடிந்து திரும்பிய அன்று ஐப்பசி மழை.
காலை ஐந்து நாற்பதுக்கு மேட்டுப்பாளையம் பஸ்.
ஐந்து மணிக்கே போய் நின்றார்,
பெட்டி, ரெயின்கோட்டு, சவரம் செய்த முகம்.
பாஸ்போர்ட் பையில் இருந்தது.
கப்பல்காரர் புத்தகம் இல்லை.
ஃப்ரிட்ஜ் மேல், தேங்காய்க்குப் பக்கத்தில்.

நான் ஓடினேன்.
மேட்டில் ஏறி, வீட்டைத் திறந்து, எடுத்து,
நைட்டிக்குள் செருகி, இறக்கத்தில்.
பஸ் ஹெட்லைட் போட்டாயிற்று,
உறுமலும் கேட்கிறது.
கண்டக்டர் பெள்ளி தலையை நீட்டினான்:
"இரு டிரைவரே, அக்கா வராங்க."

உள்ளே கேரட் மூட்டைகள்,
பரீட்சைக்குப் போகும் பெண்கள்,
டயாலிசிஸுக்குக் கோவை போகும் நஞ்சம்மா.
யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் மட்டும் மூட்டையைக் காலால் ஒதுக்கி
இவர் வாசலில் குனிய இடம் விட்டார்.
அவர் கை புத்தகத்தைத் தொட்டபோதுதான் பார்த்தேன்,
என் இன்னொரு கையில் வார் அறுந்த செருப்பு.
அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் போன பிறகு
டீக்கடை ரேடியோவில் நேரம் சொன்னார்கள்.
தாளில், பார்சிலோனாவுக்கு மேலே,
பென்சிலால் எழுதிவைத்தேன்:
கோத்தகிரி: புறப்பாடு ஐந்து ஐம்பத்திரண்டு.

மதியம் கோவை ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டார்.
"அதைத் தைக்கக் குடுக்காத.
புதுசு வாங்கிக்க" என்றார்.
பின்னால் யாரோ மைக்கில்
கடைசி அழைப்பு, கடைசி அழைப்பு என்று
சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.
அவர் வைக்கவே இல்லை.