பூ வைத்த கட்டம்

ஓசூர்ச் சாலைத் தொழிற்சாலையில்
இரண்டு வருடம்
இரவு ஷிஃப்டில் திருகாணி முடுக்கினேன்.
ஒரு கைபேசிக்கு நான்கு திருகாணி,
என் பங்கு அவ்வளவுதான்.
அந்தத் திரையை எந்த விரல் தொடும் என்று
வரிசை நகரும் வேகத்தில் நினைக்க முடியாது.

இப்போது ராயக்கோட்டை.
நடுநிலைப் பள்ளி, மூன்றாம் வகுப்பு.
கழுத்தில் வேறு அட்டை:
சு. பவளக்கொடி,
பயிற்சி ஆசிரியர், சிறப்புக் கல்வி.
கல்லூரிக் கட்டணத்தில் பாதி
அந்தத் திருகாணிகள் கட்டியது.

பேச்சு வராத மஞ்சுஸ்ரீக்கு
டேப்லெட்டில் ஒரு பலகை செய்யச் சொன்னார்கள்.
படத்தைத் தொட்டால் குரல் வரும்.
மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன்.
தண்ணீர். பசி. கழிவறை. பென்சில்.
விளையாட்டு. மிஸ். வணக்கம். நன்றி.
இப்படிப் பதினைந்து,
எல்லாம் என் குரலில்,
செய்தி வாசிப்பவள் போலத் திருத்தமாய்.
பதினாறாவது கட்டத்துக்கு எதுவும் தோன்றவில்லை.
ஒரு பூவை ஒட்டி
சத்தமில்லாமல் விட்டுவிட்டேன்.

அவள் பூவை மட்டும் தொட்டாள்.
சத்துணவு முட்டையைத் தட்டில் வைத்தேன். பூ.
இரைச்சல் தாங்கமாட்டாளே என்று
ஹெட்போனை மாட்டினேன். பூ.
கையைப் பிடித்து நன்றி மேல் வைத்தேன்.
பூ, பூ, பூ,
நகம் திரையைக் கீறுகிற அளவுக்கு.
பதிவேட்டில் எழுதினேன்:
கவனச் சிதறல்.

"மிஸ், அவ வேணாங்கறா."
பின் பெஞ்சு பைரேஷ்.
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"அதான் தள்ளுறாளே."

அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.
என் பதினைந்து சொல்லில்
கேட்கலாம், வாங்கலாம், வணக்கம் வைக்கலாம்.
மறுக்க ஒன்றுகூட இல்லை.
உள்ளடக்கிய கல்வி என்றால் என்ன,
பத்து மதிப்பெண் வினாவுக்கு
நான்கு பக்கம் எழுதியவள் நான்.
தொழிற்சாலையிலும் இப்படித்தான்.
கழிவறைக்குக் கை தூக்கலாம்.
இன்னொரு ஷிஃப்ட் என்றால்
தலையாட்டத்தான் வேண்டும்.

பூவுக்கு 'வேண்டாம்' என்று பதிந்து கொடுத்தேன்.
தொட்டாள்.
யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசியதுபோல்
டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.
"அவங்க வீட்ல கன்னடம் மிஸ்.
பேடான்னு சொல்லணும்."
சரி, நீயே சொல் என்று நீட்டினேன்.
தக்காளி மண்டியில் ஏலம் கூவும் தொண்டை
அவன் அப்பாவுக்கு.
மகனுக்கும் குறைவில்லை:
பேடா!

அன்று முழுக்க அதுதான்.
ஹெட்போன் பேடா.
முட்டை பேடா.
பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது பேடா.
தள்ளி உட்கார்ந்தேன்.
பேடா.
இன்னும் தள்ளி, சுவர் முதுகில் இடிக்கும்வரை.
மஞ்சுஸ்ரீ சிரித்தாள்.

கற்றல் விளைவு என்ற பத்தியில்
இதை அப்படியே எழுதினேன்.
மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை
சிவப்பில் வட்டமிட்டு
"எதிர்மறை நடத்தை?" என்று குறித்தார்.
அந்தக் கேள்விக்குறியை மட்டும்
நான் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கரண்ட் இல்லை.
ஸ்மார்ட் போர்டு சுவரில் கறுப்பாய்த் தொங்கியது.
நான்கு சதவீதத்தில் கண் சிமிட்டிவிட்டு
டேப்லெட்டும் அணைந்தது.
போர்டு வந்த அட்டைப்பெட்டி மூலையில் கிடந்தது.
அதைக் கிழித்துப்
பதினாறு கட்டம் கோடு போட்டேன்.
பூவைக் கடைசியாய் வரைந்தேன்,
ஒரு இதழ் பெரிதாகிவிட்டது.
அட்டை பேசாது என்பதை
அவளுக்கு எப்படிச் சொல்வதென்று
யோசித்து முடிப்பதற்குள்
விரல் பூ மேல் விழுந்தது.

பின் பெஞ்சிலிருந்து,
கழித்தல் கணக்குக்குப்
பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கிக்கொண்டே,
தலை நிமிராமல்,
பைரேஷ்:

பேடா.