நீ குடிச்சுச் சொல்லு

கண்ணாடி ஜாடிதான் வேண்டுமாம்.
பீங்கான் மெருகில் ஈயம் இருந்தால்
புளிப்பு அதை மெல்ல உரித்துக் குடித்துவிடுமாம்.
எங்கோ படித்துவிட்டு
முகப்பேர் முழுக்க அலைந்தான் வரதன்.

ஆபீஸில் ரெபேக்கா கொடுத்தது
பாலாடையை அடைதோசை கனத்துக்கு வளர்த்தது போல
இனித்த கறுப்புத் தேநீரில் மிதந்தது.
குடலுக்கு நல்லது என்றாள்.
நுங்கம்பாக்கத்துக் கடையில் இதுவே ஒரு பாட்டில்
இருநூற்றெண்பது ரூபாய்,
அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.
எந்தக் குடலைக் கேட்டு எழுதினார்களோ.

கத்திரி வெயிலில் இட்லி மாவு
மதியத்துக்குள் மூடியைத் தூக்கும் ஊர்.
ஏழு நாள் என்றது
நாலாம் நாளே மூக்கில் ஏறியது.
தேதி எழுதி ஒட்டினான்.
புளிப்பை அளக்கும் தாளை
மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.
காலை எட்டு, இரவு எட்டு:
அண்ணன் தந்த சிறுநீரகத்தை
அந்நியமென்று உடம்பு அடையாளம் காணாதிருக்க.

"உயிரோட இருக்கிற எதையும் உள்ள விடாதீங்க"
என்று டாக்டர் சொன்னபோது
எனக்குத்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது.
அவன் வீட்டுக்கு வந்து
ஜாடியின் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி
ரப்பர் பேண்ட் போட்டான்.
"நீ குடிச்சுச் சொல்லு."

அரை டம்ளர். அதற்கு மேல் விடமாட்டான்.
ஆப்பிள் என்றேன்.
கொஞ்சம் நீராகாரம், என்றேன்.
அடியில் ஒரு துளி சாராய வாசம்.
ஒருநாள் அபாரமாக இருந்தது.
"வெறும் புளிப்பு" என்றேன்.
என் உதட்டையே பார்த்துவிட்டு
"பொய்" என்றான்.

நேற்று டார்ச் அடித்தவன் நின்றுவிட்டான்.
ஆடையின் ஓரம்
கடுகளவு பச்சைப் பஞ்சு.
"அதை மட்டும் வெட்டிட்டா?"
"தெரியறது பூ. வேர் எங்க வரைக்கும்னு தெரியுமா உனக்கு?"
அவனை வாசற்படிக்குத் துரத்திவிட்டு
நானே கொட்டினேன்.
அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்:
ரெண்டு கவர் போடு,
மூச்சைப் பிடிச்சுக்கோ,
ஜாடிக்குக் கொதிநீர்.
கழுவிக் கவிழ்த்த பிறகு
மேடையில் ஒரு வட்டம் ஈரம்.

சாயங்காலம் முனைக் கடைக்கு நடந்தோம்.
விடியலிலிருந்து கொதிக்கிற பாய்லர்,
எந்தக் கிருமியும் பிழைக்காத கொதி.
ஊதி ஊதிக் குடித்தான்.
"எப்படி இருக்கு?"
முதல் தடவையாக நான் கேட்டேன்.
கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்து,
"சக்கரை கம்மி" என்றான்.