வாடகை என்ற சொல்லைத் தவிர்க்கவும்

இரண்டு பெரிய நாற்காலிகளுக்குப் பின்னால், அரையடி தள்ளி,
முக்காலி மாதிரி ஒன்று கிடக்கும். அது என் இடம்.
மறுநாள் பத்திரிகைப் படத்தில்
என் காது மட்டும் விழும்.

சேர்ந்த அன்றே சடங்குமுறை அதிகாரி ஜூமாபெக் சொல்லிவிட்டார்:
"குல்பார்ச்சின், வாடகை என்று வாயில் வரக் கூடாது.
ஒத்துழைப்பு நிதி. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மேற்கிலிருந்து ஜெனரல் வந்தார்.
ஓடுதளத்தை முந்நூறு மீட்டர் நீட்ட வேண்டுமாம்.
கூடவே ஊழல் ஒழிப்புப் பயிலரங்கு ஒன்றும்
நடத்தித் தருகிறோம் என்றார், மதிய உணவோடு.

புதன்கிழமை வடக்கிலிருந்து தூதர்.
ஏரிக்கரை முகாம் அவர்கள் தாத்தா காலத்தது.
"பழைய நண்பர்கள் பாடம் நடத்துவதில்லை" என்று சிரித்தார்.
எரிவாயுக் குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை.
விடாத மூச்சையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இரண்டு முகாமுக்கும் விமான எண்ணெய் ஊற்றுவது ஒரே கம்பெனி.
பதிவு முகவரி, ஒரு பல் வைத்தியர் வீட்டு மாடி.
முதலாளி எர்மெக், ஜனாதிபதியின் மருமகன்.
அவன் வீட்டு வாசலில் மட்டும் பனி நிற்பதில்லை,
தரைக்கடியில் வெந்நீர் ஓடுகிறது.

மேட்டு மாவட்ட மருத்துவமனைக்கு
இருபது டயாலிசிஸ் இயந்திரம் என்று ஒப்பந்தம்.
இருபது என்பதை மூன்று மொழியில் எழுதியவள் நான்.
வந்தவை பதினொன்று.
திறப்பு விழாவில் அவற்றை அகல அகலமாக நிறுத்தினார்கள்.
மீதி ஒன்பது எந்த மொழியில் தொலைந்தது என்று
என் தம்பி மனைவி அய்னாஷ் கேட்டாள்.
வரிசையில் அவள் பதினான்காவது ஆள்.

ஆனாலும் அந்த மனிதரைக் கள்ளன் என்று மட்டும்
சொல்லிவிட்டுப் போக எனக்கு வரவில்லை.
ஜனவரியில் ஒரு ராத்திரி, விருந்தாளிகள் போன பிறகு,
வரைபடத்தின் மேல் இரண்டு தேநீர்க் கோப்பைகளை
முகாமுக்கொன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
"பனி இன்னும் மூன்று மாதம். கோதுமை இரண்டு மாதம்.
எவனைத் துரத்தட்டும், சொல்லு."
என்னைக் கேட்கவில்லை.
அறையில் வேறு யாரும் இல்லை.

கையெழுத்துக்கு முந்திய விருந்து.
குதிரைக்கறி ஆறிக்கொண்டிருந்தது.
பேச்சு தீர்ந்துபோன ஜெனரல் கேட்டார்:
"சாத்தில்கான், நல்ல பெயர். என்ன அர்த்தம்?"

அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
நாலாவதைச் சாவு அடையாளம் கண்டுவிடாதிருக்க
கூடாரத்தின் அடிவிளிம்பைத் தூக்கி
பக்கத்துக் கூடாரத்துக்காரியிடம் நீட்டினார்கள்.
ஒரு படி தவிட்டுக்கு அவள் திருப்பிக் கொடுத்தாள்.
விற்கப்பட்டவன்.
எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு இரண்டு பேர்
அந்தப் பெயரில் இருப்பார்கள், யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு மூன்று வினாடி இருந்தது.
"நீண்ட ஆயுள்" என்றேன் ஆங்கிலத்தில்.
முழுப் பொய்யும் இல்லை. அதற்காகத்தானே விற்றார்கள்.

ஜெனரல் கோப்பையை உயர்த்தினார்.
ஜனாதிபதி என் பக்கம் திரும்பவில்லை.
பத்து வருடமாகத் தெரியாதென்று நடித்த ஆங்கிலம்
அவர் காது மடலில் சிவந்தது.

காலையில் ஜூமாபெக் ஓர் உறை கொண்டுவந்தார்.
மேலே பெயர் எழுதவில்லை.
"ஒத்துழைப்பு நிதி" என்றார், முகத்தில் சிரிப்பில்லாமல்.

வாங்கவில்லை என்று எழுதத்தான்
இந்தத் தாளை எடுத்தேன்.
போர் விமானம் எழும்பி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
அடங்கட்டும் என்று பேனாவை வைத்தேன்.

அய்னாஷுக்கு இப்போது ஆறாவது இடம்.
நடுவில் இருந்த எட்டுப் பேர் யாரென்று தெரியாது.
கேட்கவும் இல்லை.