கணக்கில் வராத கிலோமீட்டர்

போகவர இருபத்தெட்டு கிலோமீட்டர்.
நேற்று ஐம்பத்தைந்து ஓடியிருக்கிறது.
பனியன் கம்பெனியில் ஊரான் பைசாவுக்கெல்லாம்
பதில் சொல்கிற எனக்கு
இந்த இருபத்தேழை எழுத
ஒரு தலைப்பு கிடைக்கவில்லை.

"வண்டி மைலேஜே குடுக்கறதில்ல"
பெட்ரோல் பில்லை நீட்டிக் கத்தினார் சென்னியப்பன்.
கோபமில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி.
கல்யாணமான நாள்முதல் எங்கள் வீட்டில்
சோறு போடச் சொல்வதும் சண்டையும்
ஒரே சத்தத்தில்தான்.

காலையில் இதே கார் என்னைக் கெடுக்கும்.
வீரபாண்டி பிரிவில்
சாயப்பட்டறை லாரிக்குப் பின்னால் இருபது நிமிஷம்.
தாடை இறுகிக் கடைவாய்ப் பல் வலிக்கும்.
ஒருநாள் குறுக்கே வந்த மொபெட்காரரை
என் வாய்க்குத் தெரியாதென்று நம்பியிருந்த
ஒரு சொல்லால் வைதேன்.
கண்ணாடி ஏற்றியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது,
மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்வரை.

சாயங்காலம் வேறு.
பல்லடம் வந்ததும் வீட்டுக்குத் திரும்பணும்.
கை திரும்பாது.
உடுமலை ரோட்டில் கோழிப்பண்ணை வாடை தாண்டி,
கடைசி வேகத்தடை தாண்டி,
நான்காவது கியர் விழும்போது
தோள்பட்டை தானாக ஓர் அங்குலம் இறங்கும்.
கேத்தனூர்ப் பக்கம் ஆடிக் காற்று
வண்டியை விலாவில் முட்டும்,
கட்டவிழ்த்த கன்றுக்குட்டி முட்டுவதுபோல.
ஸ்டீரிங்கைக் கொஞ்சம் எதிர்த்துப் பிடித்தால் போதும்.
வேறு எதையும்
இவ்வளவு லேசாக நான் எதிர்த்ததில்லை.

உள்ளே என்ன செய்கிறேன் என்றால்,
பாட்டுப் போடுவதில்லை.
சிலநாள் அழுவேன்,
அதுவும் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டித்தான்.
மேனேஜரிடம் விழுங்கியதை
முன்கண்ணாடியிடம் சொல்லிவிடுவேன் சிலநாள்.
அநேக நாள் ஒன்றுமில்லை.
வெள்ளைக்கோடு வருகிறது, போகிறது.
காற்றாலை இறக்கைகளில் சிவப்பு விளக்கு
எனக்குப் பதிலாக விழித்திருக்கிறது.

டாக்டரம்மா மாத்திரைக்குக் கீழே
நடைப்பயிற்சி என்று எழுதிக் கோடும் போட்டிருந்தார்.
நடந்து பார்த்தேன் நான்கு நாள்.
"எங்கீங்க அம்மிணி, இந்நேரத்துல?"
நாலு வீட்டுக்கு நாலு பதில்.
காரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.
எங்கேயும் போகாமல் போவதற்கு
ஒரு நம்பர் பிளேட் வேண்டியிருக்கிறது.

வாய்க்கால் பாலத்தில் திருப்புவேன்.
திரும்பும் வழியில் அதே ரோடு கொஞ்சம் குட்டை.

மெக்கானிக் ஜாகீர் பானட்டைத் திறந்து, மூடி,
"வண்டில ஒரு குத்தமும் இல்லீங்" என்றாராம்.
சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.
நான் ரசத்தைப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு முழுக்க
வேப்பமரத்தடியில் நின்றது கார்.
நான் அவிநாசியில் ஒரு வளைகாப்புக்குப்
பஸ்ஸில் போய் வந்தேன்.
திங்கள் காலை ஏறி உட்கார்ந்தால்
கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை.
இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளி
சாய்த்து விடப்பட்டிருந்தது.
கண்ணாடி நான்கும் ஏற்றியபடி.
மீட்டரில் சனிக்கிழமை எண், ஒன்றுகூடக் கூடவில்லை.
தலைசாய்ப்பில் பஞ்சுத் தூசி,
மிதியடியில் இரண்டு நூல் பிசிறு.

ஓடாத வண்டிக்குள்
எத்தனை நேரம் இருந்தாரோ.
எந்த ரோட்டில் போனாரோ.

கதவைச் சாத்தினேன்.
பதினாறு தறியும் தூரத்து ஊரில் ஓடின.
கேட்கலாமா என்று சாவியைப் பிடித்தபடி இருந்தேன்.
கேட்கவில்லை.
இருக்கையை முன்னால் இழுத்தேன்,
எனக்கு வேண்டிய இடத்துக்கு
ஒரு பல் குறைவாக.