நாற்பத்திரண்டு கிலோ

வூச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
இந்தப் படகுக்கு நதி கிடையாது,
பழைய கட்டடங்களுக்கு லிஃப்டும் கிடையாது.
நான்காம் மாடிக்கு ஏறும் ஃப்ரிட்ஜ்
கீழே சம்போர், மேலே நான் என்று
இரண்டு முதுகுகளில்தான் ஏறுகிறது.
எழுபத்தெட்டு கிலோ என்று
அதன் பின்புறம் ஒட்டியிருக்கிறார்கள்.
எங்கள் பின்புறம் ஒன்றும் ஒட்டவில்லை.

இரவு பத்தரைக்குக் கணினியைத் திறந்தால்
எனக்கும் ஓர் எண் உண்டு.
நாற்பத்திரண்டு.
தாண்டினால் எண் சிவக்கும், ஓட முடியாது.
ஐம்பதில் மூச்சு வாங்கும்.
அறுபதில் கால் இரண்டும் நட்டு வைத்த கம்பம்.
ஓநாய் வந்தால்
நின்றபடி வரவேற்க வேண்டியதுதான்.

துப்பாக்கி மூன்று கிலோ அறுநூறு.
தோட்டா பன்னிரண்டு கிராம்,
முந்நூறு சேர்ந்தால்
இன்று பிறந்த பிள்ளையின் கனம்.
பணத்துக்கு மட்டும் எடை இல்லை.
இந்த விதியை எழுதியவருக்குக்
கடன் இருந்திருக்காது.

முதல் வாரம் கண்டதையெல்லாம் அள்ளினேன்.
பல்பு, ஸ்பேனர், செத்தவனின் பூட்ஸ்,
சேராத திருகாணிகள் ஒரு டப்பா.
பாலத்தின் நடுவில் சுட்டார்கள்.
பதினொரு டார்ச் பேட்டரியோடு
இருட்டில் செத்தேன்.

அப்புறம் தந்திரம் படிந்தது.
பை கனத்தால் தின்றுவிடுவது.
பசியே இல்லாமல் ஆறு டப்பா இறைச்சி,
புதருக்குள் குந்தியபடி.
பை இலேசாகிவிடும்.
வயிற்றுக்குள் போனது
யார் கணக்கிலும் வராது அங்கே.

யாகோடா ஷ்செச்சின் துறைமுகத்தில்
கிரேன்களுக்கு முறை எழுதுகிறவள்.
முகம் தெரியாது, ஹெட்போனில் இருமல் தெரியும்.
இருபது கிலோவுக்கு மேல் தூக்க மாட்டாள்.
‘நாலு ஹெல்மெட் எதற்கு உனக்கு,
எத்தனை தலை?’ என்பாள்.
விற்கலாம் என்பேன்.
‘உயிரோடு வந்தால் விற்கலாம்.’

நவம்பரில் ஓர் இரவு, மர அறுவை ஆலை.
அவளுக்குத் தொடையில் குண்டு.
வெளியேறும் கதவு மூட நான்கு நிமிடம்.
விழுந்தவரைத் தூக்கலாம், அனுமதி உண்டு,
முப்பத்தெட்டு கிலோ.
குண்டனோ ஒல்லியோ
மனிதர் எல்லோருக்கும் அங்கே
அதே முப்பத்தெட்டு.

எனக்கு மிச்சம் நாலு.
ஹெல்மெட்டுகள் போயின.
கவசம் போனது. மருந்துப் பெட்டி,
மூன்று வாரம் தேடிச் சேர்த்த தொலைநோக்கி,
கயிறு, கத்தி, தண்ணீர்.
துப்பாக்கியும் அதற்குள் முப்பது தோட்டாவும்
மூன்று தொள்ளாயிரத்து அறுபது.
எண் வெள்ளையானது.

அவளைத் தூக்கினேன். எண் சிவந்தது.
‘என் பையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது’ என்றாள்.
ஓடாத கடிகாரம்,
ஒன்றே கால் கிலோ, எதற்கும் ஆகாது.
‘அழகாக இருந்தது’ என்றாள்
இருபது கிலோக்காரி.

என்ன நினைத்தேனோ,
துப்பாக்கியைப் போட்டேன்.

பனியில் ஓடினோம்.
ஓடினேன்; அவள் என் தோளில்,
கடிகாரம் அவள் முதுகில்.
கதவுக்கு இருபது அடி இருக்கையில்
யாரோ ஒருவன் சுட்டான்.

திரை கறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவன் எங்களைத் துழாவினான்,
கடிகாரத்தை எடுத்துக்கொண்டான்.
பிறகு ஓட முடியாமல்
ஆடி ஆடி நடந்து போனான்.
யாகோடா சிரித்த சிரிப்பில்
இருமல் வந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

மறுநாள் காலை ஒரு பியானோ.
முதலாளி வென்ஷிக் போனில்,
‘ரெண்டு பேர் போதும், சின்ன பியானோ.’
இரண்டாம் மாடி வளைவு தாண்டியது.
மூன்றாவதில் பார்வையின் ஓரத்தில்
சிவப்பு எண்ணைத் தேடினேன்.
சுவரில் காரை உதிர்ந்திருந்தது.
யாருடைய சைக்கிளோ சங்கிலியில்.
எண் வரவில்லை.

‘சம்போர், இறக்கு’ என்றேன்.
மேலே ஒரு கதவு திறந்து
என்ன சத்தம் என்று கேட்டது.
நாங்கள் படியில் உட்கார்ந்தோம்,
பியானோவுக்கு முட்டுக்கொடுத்தபடி.

அவன் முதல் மாடியிலிருந்தே
இதற்காகத்தான் காத்திருந்தானாம்.